மானி பூஜ்யம் காட்டினாலும் சோடியம் நகரும்: சிறுநீரக நுண்குழல் செல்களின் மின்பண்புகளை அளக்கத் தொடங்குவோருக்கு

சிறுநீரக நுண்குழல் செல்களின் மின்பண்புகளை அளக்க வரும் ஒருவர் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் துரத்துவார், அது மின்னழுத்தம். திரையில் 40 மில்லிவோல்ட் தெரிந்தால் செல்கள் நன்றாக உழைக்கின்றன என்றும், 2 மில்லிவோல்ட் மட்டுமே தெரிந்தால் ஏதோ கெட்டுவிட்டது என்றும் முடிவுகட்டிவிடுவார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் உடலுக்குள் 2 மில்லிவோல்ட் அளவே காட்டும் அண்மைச் சுருள் குழல்தான் (நுண்குழலின் முதல் பகுதி) வடிகட்டப்பட்ட சோடியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மீட்டு இரத்தத்துக்கு அனுப்புகிறது. பல பத்து மில்லிவோல்ட் காட்டக்கூடிய, கடைசிப் பகுதியான சேகரிப்பு நாளம் மீட்பது சில விழுக்காடு மட்டுமே. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிநீரோடு 25,000 மில்லிமோல் அளவுக்குச் சோடியம் குழல்களுக்குள் இறங்குகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த முரண் எவ்வளவு பெரியது என்று விளங்கும். மின்தடையைச் சேர்த்துப் பார்க்காமல் மின்னழுத்தத்தை மட்டும் படிப்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். அந்தத் தவற்றைத் தொடக்கத்திலேயே தவிர்க்கும் வகையில், எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளும் பென்சிலும்

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு செல்லை வரைந்துகொள்ளுங்கள். குழலின் உட்புறத்தை நோக்கிய உச்சிச் சவ்வு ஒரு பக்கம், இரத்தத்தை நோக்கிய அடிப்பக்கச் சவ்வு மறுபக்கம், அடுத்தடுத்த செல்களைப் பிணைக்கும் இறுக்கச் சந்திப்புகள் இரு ஓரங்களிலும். அடிப்பக்கச் சவ்வில் சோடியம்–பொட்டாசியம் பம்பை வரையுங்கள். ஜென்ஸ் ஸ்கௌ 1957இல் விவரித்த இந்த நொதி, ஒரு ஏ.டி.பி. மூலக்கூற்றைச் செலவிட்டு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. குழலின் மற்றக் கடத்தல்களில் பெரும்பாலானவை இந்தப் பம்பு உண்டாக்கும் செறிவுச் சரிவை நம்பியே நடக்கின்றன.

இப்போது எண்களை இடுங்கள். செல்லுக்குள் பொட்டாசியம் 140 மில்லிமோல், வெளியே 4.5 என்று கொண்டால், 37 டிகிரி செல்சியஸில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு பொட்டாசியத்தின் சமநிலை அழுத்தத்தை (அந்த அயனியின் நிகர நகர்வு நின்றுபோகும் மின்னழுத்தத்தை) ஏறத்தாழ −92 மில்லிவோல்ட் என்று தரும். சோடியம் உள்ளே 12, வெளியே 140 என்றால் அதன் சமநிலை அழுத்தம் சுமார் +66. அடிப்பக்கச் சவ்வில் பொட்டாசியம் வாய்க்கால்கள் மிகுந்திருப்பதால் அங்கே அழுத்தம் பொட்டாசியத்தின் பக்கம் சாய்ந்து, −70 மில்லிவோல்ட் அளவில் நிற்கும். சேகரிப்பு நாளத்தின் முதன்மைச் செல்லில் உச்சிச் சவ்விலோ ஈனாக் எனப்படும் எபிதீலியச் சோடியம் வாய்க்கால்கள் திறந்திருப்பதால், அந்தச் சவ்வின் அழுத்தம் சோடியத்தின் பக்கம் இழுக்கப்பட்டு −30க்கு வந்துவிடலாம். இரத்தத்தைப் பூஜ்யமாகக் கொண்டால் செல்லின் உட்புறம் −70; குழலைப் பூஜ்யமாகக் கொண்டால் அதே உட்புறம் −30. அப்படியானால் இரத்தத்தோடு ஒப்பிடும்போது குழல் −40 மில்லிவோல்ட்டில் இருக்க வேண்டும். கருவி காட்டும் ‘குறுக்கு அழுத்தம்’ இப்படி இரு சவ்வுகளின் வேறுபாடாகப் பிறப்பதுதான். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் செல் எவ்வளவு உழைத்தாலும் மானி பூஜ்யத்தையே காட்டும்.

இந்த இருசவ்வு மாதிரியைத் தவளைத் தோலை வைத்து 1958இல் முன்வைத்தவர்கள் கோஃபோட்–ஜான்சனும் ஹான்ஸ் உஸ்ஸிங்கும். நுண்குழலுக்கு அதைப் பொருத்தும்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: செல்களுக்கு இடையே இறுக்கச் சந்திப்பு வழியாகச் செல்லும் பக்கவழி. அதை இரு சவ்வுகளுக்கும் இணையான ஒரு மின்தடையாக வரையுங்கள். அண்மைச் சுருள் குழலில் இந்தத் தடை மிகக் குறைவு. ஆகவே உச்சிக்கும் அடிக்கும் இடையே தோன்றும் அழுத்த வேறுபாடு பக்கவழியே கசிந்து கரைந்துவிடுகிறது. மேலே சொன்ன முரணுக்கான விடை இந்தப் படத்திலேயே இருக்கிறது.

எந்தச் செல், எந்தத் தட்டு

கேள்வி எந்தக் குழல்பகுதியைப் பற்றியதோ, அதற்கேற்ற செல்வரிசையை எடுக்க வேண்டும். அண்மைச் சுருள் குழலுக்குப் பன்றியிலிருந்து பெறப்பட்ட எல்எல்சி–பிகே1, அல்லது ஒப்போசத்திலிருந்து பெறப்பட்ட ஓகே செல்கள். சேகரிப்பு நாளத்துக்குச் சுண்டெலியின் எம்–1 அல்லது எம்பிகேசிசிடி வரிசைகள். நாயின் சிறுநீரகத்திலிருந்து 1958இல் மாடினும் டார்பியும் உருவாக்கிய எம்டிசிகே எல்லா ஆய்வகங்களிலும் கிடைக்கும் என்பதால் புதியவர்கள் அதையே எடுப்பார்கள், தவறில்லை. ஆனால் அந்தப் பெயரில் குறைந்தது இரு வகைகள் உலவுகின்றன. முதல் வகையின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம்–சதுர செ.மீ., இரண்டாம் வகையினுடையது நூறை ஒட்டியே நிற்கும். குப்பியின் மேல் ‘எம்டிசிகே’ என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த வகை என்பதைத் தந்தவரிடம் கேட்டறியாமல் ஒரு தட்டுகூடப் போடாதீர்கள்.

சாதாரண பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கும் செல்களின் அடிப்பக்கத்துக்கு நம்மால் எட்ட முடியாது. அங்கேயும் அவை கடத்தத்தான் செய்கின்றன. எம்டிசிகே தட்டை நுண்ணோக்கியில் பார்த்தால், செல்படலம் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு குமிழ்களைப் போல் மேலெழும்பி நிற்பதைக் காணலாம், ஏனென்றால் அடியில் தள்ளப்பட்ட உப்பும் நீரும் போக வழியின்றித் தேங்கியிருக்கின்றன. அழகான காட்சிதான், அளப்பதற்கு உதவாது. எனவே டிரான்ஸ்வெல் போன்ற, நுண்துளைச் சவ்வை அடியாகக் கொண்ட கிண்ணங்களில் செல்களை நெருக்கமாக விதைத்து, படலம் மூடிய பிறகும் பல நாட்கள் காத்திருக்க வேண்டும். சேகரிப்பு நாளச் செல்களுக்கு ஆல்டோஸ்டிரோன் அல்லது டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்றைக் கொடுக்காவிட்டால் ஈனாக் வாய்க்கால்கள் போதிய எண்ணிக்கையில் உச்சிச் சவ்வுக்கு வராது. மின்னோட்டம் இல்லையே என்று பின்னர் தவிப்பதில் பொருளில்லை.

மின்தடையை அளத்தல்

வளர்ப்புத் தட்டிலேயே செல்படலத்தைச் சேதப்படுத்தாமல் மின்தடையை அளக்க, இரட்டைக் குச்சிபோன்ற மின்முனைகள் கொண்ட சிறு மானி போதும். ஒரு குச்சி கிண்ணத்துக்குள், நீளமான மற்றது வெளியே. மின்முனைகளை வளர்ப்பு ஊடகத்தில் சற்று நேரம் ஊறவிட்டு, செல் இல்லாத ஒரு வெற்றுக் கிண்ணத்தை முதலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுப்பது நல்லது, ஏனென்றால் குச்சியின் சாய்வு மாறினாலே எண் மாறும். காப்பகப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த தட்டு குளிரக் குளிர மின்தடை ஏறிக்கொண்டே போகும். அதனால் எடுத்த எத்தனையாவது நிமிடத்தில் அளக்கிறீர்கள் என்பது நாள்தோறும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கணக்கில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. மானி 1,450 ஓம் காட்டுகிறது, வெற்றுக் கிண்ணம் 120 ஓம், சவ்வின் பரப்பு 1.12 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1,450இலிருந்து 120ஐக் கழித்து, கிடைக்கும் 1,330ஐப் பரப்பால் பெருக்க வேண்டும்; விடை ஏறத்தாழ 1,490 ஓம்–சதுர செ.மீ. பரப்பு கூடக்கூட மின்தடை குறையும் என்பதால்தான் பெருக்குகிறோம். பரப்பால் வகுத்து எழுதப்பட்ட எண்களை எத்தனையோ குறிப்பேடுகளில் பார்த்திருக்கிறேன், 1.12 என்ற பரப்பில் வேறுபாடு சிறிதாகத் தெரிவதால் தவறு மறைந்துகொள்ளும், 0.33 சதுர செ.மீ. கிண்ணத்துக்கு மாறும்போது ஒன்பது மடங்காக வெடிக்கும்.

உஸ்ஸிங் அறை

மின்னோட்டத்தை நேரடியாக அளக்க வேண்டுமென்றால் கிண்ணத்தின் சவ்வை உஸ்ஸிங் அறையில், அதாவது படலத்தின் இரு பக்கமும் தனித்தனியே கரைசலை நிறுத்தும் கருவியில், பொருத்த வேண்டும். இரு பக்கமும் ஒரே உப்புக் கரைசல், 37 டிகிரி வெப்பம், 95 விழுக்காடு ஆக்சிஜனும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு. கரைசலில் பைகார்பனேட் 25 மில்லிமோல் இருந்தால் இந்த வாயுவோடு சேர்ந்து பி.எச். 7.4 அளவில் நிற்கும். கால்சியம் குளோரைடைக் கடைசியில், வாயு நன்றாகச் செலுத்தப்பட்ட பிறகே சேருங்கள். முன்பே சேர்த்தால் கரைசல் பால்போல் கலங்கிக் கால்சியம் கார்பனேட் படியும், அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அறையோடு மின்முனைகளை இணைப்பவை அகார் பாலங்கள்: 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் காய்ச்சிய அகாரை மெல்லிய குழாய்களில் உறிஞ்சி உறையவிட்டவை. அவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒருமுறை, சோடியம் மின்னோட்டம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அலைபோல் ஏறி இறங்குவதாக எனக்குத் தோன்றியது; செல்களுக்குள் ஏதோ தாளம் இருக்கிறது என்று இரண்டு நாட்கள் உற்சாகமாக வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வெற்றுச் சவ்விலும் அதே அலை வந்தது. கடுகளவுகூட இல்லாத ஒரு காற்றுக்குமிழி பாலத்தின் வளைவில் உட்கார்ந்துகொண்டு, வெப்பநீர்த் தொட்டி இயங்கி நிற்கும் ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

செல்படலத்தைப் பொருத்துவதற்கு முன் வெற்றுச் சவ்வை வைத்து இரண்டு சரிசெய்தல்களை முடிக்க வேண்டும். ஒன்று, மின்முனைகளுக்கு இடையே இயல்பாகவே இருக்கும் அழுத்த வேறுபாட்டைப் பூஜ்யமாக்குவது. மற்றது, கரைசலின் சொந்த மின்தடையை ஈடுசெய்வது. இறுக்கமான படலங்களுக்கு இரண்டாவது அவ்வளவாக உறுத்தாது. ஆனால் கசிவான படலத்தில் அதுவே எல்லாம்: 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள உப்புக் கரைசல் மட்டுமே 5 முதல் 7 ஓம்–சதுர செ.மீ. தடை தரும், அண்மைச் சுருள் குழலின் முழு மின்தடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஈடுசெய்ய மறந்தால் நீங்கள் அளப்பது செல்லையா, தண்ணீரையா என்று சொல்ல முடியாது.

பிறகு செல்படலத்தைப் பொருத்தி, குறுக்கு அழுத்தத்தைப் பூஜ்யத்தில் நிறுத்திப் பிடியுங்கள். இரு பக்கமும் ஒரே கரைசல், அழுத்தமும் பூஜ்யம் என்னும்போது அயனிகளைத் தாமாக நகர்த்தும் விசை எதுவும் மிஞ்சுவதில்லை. அப்போதும் ஓடும் மின்னோட்டம் செல்கள் ஆற்றலைச் செலவிட்டு நடத்தும் கடத்தலிலிருந்து வருவதுதான். 1951இல் உஸ்ஸிங்கும் செரானும் தவளைத் தோலில் இந்தக் குறுஞ்சுற்று மின்னோட்டமும், கதிரியக்கச் சோடியத்தால் அளந்த நிகரச் சோடியப் பெயர்ச்சியும் ஒத்துப்போவதைக் காட்டினார்கள். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை 5 மில்லிவோல்ட் துடிப்பைக் கொடுத்தால் மின்தடையையும் கூடவே கண்காணிக்கலாம். துடிப்பின்போது மின்னோட்டம் சதுர செ.மீட்டருக்கு 3.3 மைக்ரோஆம்பியர் துள்ளினால் மின்தடை சுமார் 1,500 ஓம்–சதுர செ.மீ. என்று பொருள். அடிநிலை அமைதியாகும் வரை 20 அல்லது 30 நிமிடங்கள் எதையும் சேர்க்காமல் காத்திருங்கள். புதியவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான படி.

மருந்துகளைச் சேர்க்கும் வரிசை

சேகரிப்பு நாளச் செல்களுக்கு முதலில் உச்சிப் பக்கத்தில் 10 மைக்ரோமோலார் அமிலோரைடு. ஈனாக் வாய்க்கால்கள் அடைபட்டுச் சில நொடிகளில் மின்னோட்டம் சரியும். கூடவே மின்தடை ஏற வேண்டும், ஏனென்றால் திறந்திருந்த ஒரு வழி மூடப்பட்டிருக்கிறது. மின்னோட்டமும் சரிந்து மின்தடையும் சரிந்தால் அது மருந்தின் விளைவாக இருக்க வாய்ப்பில்லை. படலத்தின் ஓரம் நசுங்கியிருக்கலாம், அல்லது செல்கள் செத்துக்கொண்டிருக்கலாம். அமிலோரைடின் அளவை நூற்றுக்கணக்கான மைக்ரோமோலாருக்கு ஏற்றாதீர்கள். அந்த அளவில் அது சோடியம்–ஹைட்ரஜன் மாற்றியையும் தடுக்கத் தொடங்கும், எது எதனால் என்று பிறகு பிரிக்க இயலாது. பம்பைத் தடுக்கும் ஒவாபெயினை அடிப்பக்கத்தில் கடைசியாகச் சேருங்கள். மருந்தைக் கரைத்த கரைப்பானை மட்டும் சேர்த்துப் பார்த்த ஒரு படலமும் அதே நாளில் இருக்க வேண்டும்.

இப்போது மின்னோட்டத்தைச் சோடியமாக மாற்றலாம். திறந்த சுற்றில் (அழுத்தத்தைப் பூஜ்யத்தில் பிடிக்காத நிலையில்) −40 மில்லிவோல்ட்டும் 1,500 ஓம்–சதுர செ.மீட்டரும் இருந்தால் மின்னோட்டம் சதுர செ.மீட்டருக்கு 26.7 மைக்ரோஆம்பியர். ஃபாரடே எண்ணால் மாற்றினால் 1 மைக்ரோஆம்பியர் என்பது மணிக்கு 0.0373 மைக்ரோஈக்குவலன்ட், எனவே நமது படலம் சதுர செ.மீட்டருக்கு மணிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஈக்குவலன்ட் சோடியத்தைக் கடத்துகிறது. அடுத்து அண்மைச் சுருள் குழலுக்கு அதே கணக்கைப் போடுங்கள்: −2 மில்லிவோல்ட், 5 ஓம்–சதுர செ.மீ. விடை 400 மைக்ரோஆம்பியர், அதாவது பதினைந்து மடங்கு. அற்பமாகத் தோன்றிய 2 மில்லிவோல்ட்டுக்குப் பின்னால் இருந்தது இவ்வளவு. இதிலும் ஒரு பகுதிதான் கணக்கில் வந்திருக்கிறது: குளுக்கோஸோடும் அமினோ அமிலங்களோடும் சேர்ந்து நுழையும் சோடியம் மட்டுமே மின்னூட்டத்தைச் சுமந்து வருகிறது. ஹைட்ரஜனுக்கு மாற்றாக ஒன்றுக்கு ஒன்று என்று நுழையும் பெரும்பகுதிச் சோடியம் உச்சிச் சவ்வில் மின்னோட்டம் எதையும் உண்டாக்குவதில்லை.

மானிக்குத் தெரியாத கடத்தல்கள்

சேய்மைச் சுருள் குழலில் சோடியமும் குளோரைடும் என்சிசி என்ற புரதத்தின் வழியே இணைந்து நுழைகின்றன. நிகர மின்னூட்டம் பூஜ்யம். தயசைடு என்ற சிறுநீர்ப்பெருக்கி மருந்தைச் சேர்த்தால் அந்தக் கடத்தல் நின்றுபோகும், ஆனால் குறுஞ்சுற்று மின்னோட்டத்தில் அதன் நேரடிச் சுவடு எதுவும் தெரியாது. இங்கே கதிரியக்கச் சோடியம்–22தான் உதவும்.

ஹென்லே வளைவின் தடித்த ஏறுகிளை இன்னும் நுட்பமானது. இதில் சற்று நின்று நிதானிக்க வேண்டும். உச்சிச் சவ்வின் என்கேசிசி2 புரதம் ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு ஆகியவற்றைச் சேர்த்து உள்ளே எடுக்கிறது, இதுவும் மின்சமன். ஆனாலும் இந்தக் குழல்பகுதி +5 முதல் +10 மில்லிவோல்ட் வரை காட்டுகிறது, அதுவும் நேர்க்குறியில். நுழைந்த பொட்டாசியம் ரோம்க் எனும் வாய்க்கால் வழியே குழலுக்கே திரும்பிவிடுகிறது, குளோரைடோ அடிப்பக்க வாய்க்கால்கள் வழியே இரத்தப் பக்கம் வெளியேறுகிறது. நேர் மின்னூட்டம் ஒரு புறமும் எதிர் மின்னூட்டம் மறுபுறமும் போய்ச் சேருவதால் குழல் நேர்முனை ஆகிறது. அந்த அழுத்தமே சோடியம், கால்சியம், மெக்னீசியம் அயனிகளைச் செல்லிடை வழியே தள்ளுகிறது. என்கேசிசி2ஐத் தடுக்கும் சிறுநீர்ப்பெருக்கியான ஃபுரோசமைடு கொடுத்தால் இந்த அழுத்தம் சரியும். அந்த மருந்தை உட்கொள்வோர் சிறுநீரில் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கூடுதலாக இழப்பது இதனால்தான். என்கேசிசி2, ரோம்க் இரண்டின் மரபணுக்களில் எது பழுதானாலும் சிறுநீரில் உப்பை இழக்கவைக்கும் பார்ட்டர் நோய்த்தொகுதி தோன்றும் என்பது 1996இல் தெரியவந்தது. ஒன்றில்லாமல் மற்றது இயங்காது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

இந்தப் பகுதியில் அழுத்தத்தைப் பூஜ்யத்தில் பிடித்தால், செல்லிடை வழியே சோடியத்தைத் தள்ளும் விசையையே நீங்கள் அணைத்துவிடுகிறீர்கள். எனவே இங்கே குறுஞ்சுற்று மின்னோட்டத்தைச் சோடியக் கடத்தல் என்று எழுதுவது தவறு. திறந்த சுற்றில், அழுத்தத்தை அதன் போக்கில் விட்டு அளக்க வேண்டும். இதற்குரிய முறை, 1966இல் பர்க்கும் உடன்பணியாளர்களும் முயலின் சிறுநீரகத்திலிருந்து ஒற்றை நுண்குழலைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாய்களால் அதனூடே கரைசலைச் செலுத்திய முறை. தலைமுடியைவிட மெல்லிய குழலை இரு முனைகளிலும் பிடித்து நிறுத்தப் பல மாதப் பயிற்சி வேண்டும். அனுபவமுள்ள ஒருவரின் அருகில் உட்கார்ந்து கற்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

செல்லிடை வழி எந்த அயனிக்கு இடம் தருகிறது என்பதை மட்டும் அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பக்கக் கரைசலில் சோடியம் குளோரைடைப் பாதியாகக் குறைத்து, கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தம் மாறாதபடி, மின்னூட்டமற்ற மானிட்டாலைச் சேருங்கள். சோடியம் மட்டுமே நுழையக்கூடிய வழியாக இருந்தால் மின்னழுத்தம் 18 மில்லிவோல்ட்டை நெருங்கும், நீர்த்த பக்கம் நேர்முனை. குளோரைடு மட்டுமே நுழையுமென்றால் அதே அளவு, எதிர்க்குறியில். உண்மையான படலங்கள் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கும்.

ஒற்றை வாய்க்கால்

எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1976இல் அறிமுகப்படுத்திய ஒட்டுப்பிடி முறையில் (பேட்ச் கிளாம்ப்: நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் சவ்வில் ஒட்டவைத்து அளப்பது) தனி வாய்க்கால் ஒன்று திறந்து மூடுவதையே பார்க்கலாம். ஆனால் ஈனாக்கின் கடத்துதிறன் 5 பிக்கோசீமன்ஸ் அளவே. 60 மில்லிவோல்ட் விசையில் ஓடுவது வெறும் 0.3 பிக்கோஆம்பியர். மின்முனைக்கும் சவ்வுக்கும் இடையிலான ஒட்டு ஒரு கிகா ஓமுக்கு மேல் அமையாவிட்டால் அது இரைச்சலில் மூழ்கிவிடும். கையைப் பழக்கிக்கொள்ள விரும்புவோர் 35 பிக்கோசீமன்ஸ் அளவுள்ள ரோம்க்கில் தொடங்குவது நல்லது. படல அளவிலான அளவீடுகள் நாள்தோறும் ஒரே மாதிரி வரத் தொடங்கும் முன் இந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

எந்தப் பக்கத்தைப் பூஜ்யமாகக் கொண்டீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இரத்தப் பக்கத்தைப் பூஜ்யமாகக் கொண்டு குழலின் குறியைச் சொல்வதே சிறுநீரக ஆய்வில் பரவலான வழக்கம். ஆனால் சில மின்பெருக்கிகள் தலைகீழாகக் காட்டும்படி இணைக்கப்பட்டிருக்கும். அமிலோரைடு சேர்த்ததும் உங்கள் மின்னோட்டம் நேர்க்குறியிலிருந்து பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறதா, எதிர்க்குறியிலிருந்து பூஜ்யத்தை நோக்கி ஏறுகிறதா என்பதைப் பார்த்தால் இணைப்பு ஓரளவு பிடிபடும்.

அளவீடு முடிந்ததும் அறையை உடனே கழுவிவிடாதீர்கள். செல்படலத்தை எடுத்துவிட்டு, அதே கரைசலில், அதே பாலங்களோடு, வெற்றுச் சவ்வை மறுபடி வைத்து அழுத்தத்தைப் படியுங்கள். காலையில் பூஜ்யமாக்கியது மாலையில் எங்கே நிற்கிறது என்று தெரியும். 40 மில்லிவோல்ட் காட்டும் படலத்தில் 1 மில்லிவோல்ட் நகர்வு பொறுத்துக்கொள்ளக்கூடியது. 2 மில்லிவோல்ட் மட்டுமே காட்டும் படலத்தில் அன்றைய அளவீடு முழுவதையும் ஒதுக்கிவைக்க அது போதும். அந்த எண்ணை அன்றைய பக்கத்தின் கடைசி வரியாக எழுதிவிட்டு அறையைக் கழுவுங்கள்.